குட்டப்பனைப் பற்றி ஐந்து வரி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பது.

விமலகுமாரி டீச்சர் எல்லையோரக் கேரளப் பள்ளியின் தமிழ்ப் பிரிவு வகுப்பறையைத் திறந்து மூன்று பேரை உட்கார வைத்தாள். நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். நாலரை மணிக்குள் அதில் ஐந்து வரி வந்தாக வேண்டும். பாறசாலையில் ஃபிளெக்ஸ் அடிப்பவன் அதற்கு மேல் கடையில் இருக்க மாட்டான். மறுநாள் காலை இதே பள்ளி முற்றத்தில், தொண்ணூற்றாறில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் கூடுகை.

ஐந்து வரியும் குட்டப்பனைப் பற்றி எழுத வேண்டும்.

குட்டப்பன் பள்ளிக்கு எதிரே, முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் மகன் பிஜுலால் இவர்களோடு படித்தவன். அமரவிளையில் ஹைவே ஓரம் இரண்டு மாடி டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். நாளைய பந்தலும் பிரியாணியும் அவன் செலவு. அது போக, ஜூன் முதல் குன்னத்துகால் பக்கமிருந்து பதினொரு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வர ஒரு வேன் தருவதாகவும் சொல்லியிருந்தான். இங்கிலீஷ் மீடியம் பஸ்கள் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிற காலம். வேன் இல்லையென்றால் பதினொன்றும் வராது. பதினொன்றும் வராவிட்டால் தமிழ்ப் பிரிவு கிடையாது. தமிழ்ப் பிரிவு இல்லையென்றால் விமலகுமாரிக்குத் தேவிகுளத்துக்கு மாற்றல். கூட்டங்களில் அவள் பிள்ளைகளின் தாய்மொழியைப் பற்றித்தான் பேசுவாள். தேவிகுளத்துக் குளிரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பிஜுலால் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். ஃபிளெக்ஸில் அப்பாவின் படம் வர வேண்டும். கீழே ஐந்து வரி, தமிழில், நல்லதாக. கூடுகையின் செயலாளர் சத்தியதாஸ் அதை அப்படியே விமலகுமாரியின் தலையில் கட்டிவிட்டான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். தலையில் கட்டுவது அவனுக்குத் தொழில்.

மூன்று நாளாக அவள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வரியும் வரவில்லை.

இத்தனைக்கும் இரண்டு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் பழைய முக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நேசையன் சாயக்கடையின் பருப்புவடை, தையல்கடை ரேடியோ, சைக்கிள் கடைத் திண்ணையில் கிடந்த கிழட்டு நாய், எல்லாம் வந்தன. துபாயில் இருந்தவர்கள் அதிகம் எழுதினார்கள். நேசையன் கடை வடையைத் தின்று மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தவன், அதன் ருசி இன்றும் நாக்கில் நிற்பதாக எழுதி அழுகிற பொம்மை ஒன்றும் வைத்தான். முக்கில் ஏழு கடைகள் இருந்தன. ஆறைப் பற்றி எழுதினார்கள். ஏழாவதுதான் பெரிய கடை. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பிஜுலால் குழுவில் இருந்தான்.

"செரி, ஆரம்பிக்கலாம்," என்றாள் விமலகுமாரி. "ஆளுக்கொரு நல்ல காரியம் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

சகாயதாஸ் கூரையைப் பார்த்தான். அவன் முக்கில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அம்மா மார்கிரெட் பொழியூரிலிருந்து மீன்கூடையோடு வந்து அதே முக்கில் விற்றவள்.

"நல்ல காரியமா?" என்றான். "கல்லரிசி குட்டப்பனுக்கா?"

"எலே, அந்தப் பேர எடுக்காத. செத்த மனுசனாக்கும்."

"செத்தா அரிசியில கெடந்த கல்லு சோறாயிடுமா?"

வார்டு மெம்பர் குமாரி தொண்டையைச் செருமினாள். பேச எழுந்திருக்கப் போனவள், மைக் இல்லாததைப் பார்த்து உட்கார்ந்தாள். "ஒரு காரியம் உண்டு. ஹர்த்தால் அன்னிக்கு ஊருல ஒரு கடையும் திறக்காது. குட்டப்பன் மாமன் மட்டும் பின்வாசல திறந்து சாமான் குடுப்பாரு. எத்தன வீட்டுல அடுப்பு எரிஞ்சுது! ஜனசேவையாக்கும் அது. எழுது பிள்ளே."

விமலகுமாரி எழுதப் போனாள்.

"ஹர்த்தால் நடத்தினது ஆரு?" என்றான் சகாயதாஸ்.

குமாரி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"முன்வாசல்ல கொடியும் பிடிச்சிட்டு, கடைய அடைலேண்ணு தையல்காரனுக்க மெஷின தூக்கி வெளிய வச்சதும் உனக்க ஜனசேவகன்தான். அப்பறம் பின்வாசல்ல வந்து ரெட்ட வெல. ஒனக்க அம்மை தலையில முண்டு போட்டுட்டுப் போயி வரிசையில நிப்பா. நானும் அந்த வரிசையில உண்டு."

"எல்லாம் அரசியலாக்காத மக்கா."

"மெம்பரு நீயா, நானா?"

விமலகுமாரி பேனாவை மூடினாள். மணி மூன்று ஐந்து.

சத்தியதாஸ் அதுவரை தாழ்மையோடு காத்திருந்தான். தன்னிடம் நல்ல சரக்கு இருக்கிறது என்கிற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. பாலிசி விற்கும்போது வைக்கிற அதே முகம்.

"என்ன மாமனுக்கு ரொம்ப இஷ்டம்," என்றான். "இது நான் இதுவர ஆருட்டயும் சொன்னதில்ல. ஏழாங்கிளாசுல எனக்கு ஒரு பை வாங்கித் தந்தாரு. பெரிய பை. காக்கி. ரெண்டு வாரு உண்டு. எனக்க அப்பன் வாங்கித் தரல, அவரு வாங்கித் தந்தாரு. சாயங்காலம் கடைக்குப் போனா மிட்டாயும் தருவாரு. 'படிச்சு பெரிய ஆளாவணும் கேட்டியா'ண்ணு முதுகுல தட்டுவாரு."

குமாரி உருகிவிட்டாள். விமலகுமாரி பேனாவைத் திறந்தாள். 'ஏழை மாணவர்களின்' வரை எழுதினாள்.

"நீ அப்ப எங்க தாமசம்?" என்றான் சகாயதாஸ்.

"அந்தப் பக்கம். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தால. ஏன்?"

"ஒன்ன மாதிரி பை கிட்டினது வேற ஆருக்கெல்லாம்?"

சத்தியதாஸ் யோசித்தான். "சாராம்மைக்கு கிட்டிச்சு. பெறவு அந்த ரெட்டப் பிள்ளியளுக்கு."

"அவிய எங்க தாமசம்?"

"அவியளும் அந்தப் பக்கம்தான்."

சகாயதாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலத்த வாறப்ப அவருக்க மச்சினன் வீட்டுல ஏறி, ஒரு பொதி வாங்கிட்டு வரச் சொல்லுவாரு," என்றான் சத்தியதாஸ் மெதுவாக. "ஆட்டுக்குத் தவிடுண்ணு சொன்னாரு."

"குட்டப்பனுக்கு ஆடு உண்டுமா?"

சத்தியதாஸ் நினைவில் ஆட்டைத் தேடினான்.

"தமிழ்நாட்டு ரேஷன் அரிசி, மக்கா. ஒரு பைக்கு மூணு கிலோ. செக்போஸ்டுகாரன் லாரிய நிறுத்துவான், ஜீப்ப நிறுத்துவான், படிக்க வாற பிள்ளைய நிறுத்துவானா? நாலு பிள்ளிய, தெனமும் பன்னெண்டு கிலோ. அதுலயாக்கும் ரெண்டு கைப்பிடி கல்லு கலந்து எங்களுக்கு வித்தது."

"அப்ப புஸ்தகம்?" என்றாள் குமாரி.

"கையில பிடிச்சிட்டு வருவேன்," என்றான் சத்தியதாஸ். "பையில எடம் இருக்காது."

முப்பது வருடம் ஒருவன் தன்னை யாரோ விரும்பியதாக நம்பிக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை மூன்றேகால் மணிக்குத் தான் அரிசி கடத்தியவன் என்று தெரிந்துகொள்வது பார்க்க நன்றாக இல்லை. ஆனால் சகாயதாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு குமாரிக்கும். கடைசியில் விமலகுமாரியும் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

"மிட்டாய் என்னவோ நல்ல மிட்டாய்தான்," என்றான் சத்தியதாஸ், அடிபட்ட குரலில்.

சிரிப்பு ஓய்ந்தபோது சகாயதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மைய அவரு செஞ்சது ஓர்ம உண்டா? பேப்பர் காரியம்."

எல்லோருக்கும் நினைவிருந்தது. வருடம் முடிந்ததும் பள்ளியின் பழைய விடைத்தாள்களைக் குட்டப்பன் எடைக்கு வாங்குவார். மிளகாய், மல்லி, கருப்பட்டி எல்லாம் அதில்தான் பொதிந்து தருவார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யார் வந்தாலும் கட்டைப் புரட்டி, அவர்கள் வீட்டுப் பிள்ளையின் தாளைத் தேடி எடுப்பார். கடையில் நாலு பேர் சேரும்வரை காத்திருப்பார். பிறகு மார்க்கை உரக்க வாசித்துவிட்டுப் பொதிவார்.

"'மார்கிரெட்டே, உனக்க மோன் கணக்குல அம்பதுக்கு ஏழு. இந்தா, மொளவு.' கடை முழுக்கச் சிரிச்சுது. அம்மை அந்தப் பொதிய பிரிக்காம வீட்டுக்குக் கொண்டு வந்தா. அன்னிக்கு எனக்குக் கெடச்ச அடியில மொளவும் உண்டு, ஏழும் உண்டு."

"எனக்க அப்பனுக்கு வாசிச்சது இங்கிலீஷுல பதினொண்ணு," என்றாள் குமாரி. "மூத்தண்ணனுக்க பேப்பர்."

 விமலகுமாரிக்கு எப்போதும் நாற்பத்தைந்துக்கு மேல். அம்மாவோடு கடைக்குப் போகும்போதெல்லாம், இன்றைக்குத் தன் தாளை எடுத்து வாசிப்பார் என்று எட்டிப் பார்த்து நிற்பாள். குட்டப்பன் புரட்டுவார், எடுப்பார், பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் அதில் எண்ணெய்க்கையைத் துடைத்துப் போடுவார். மற்றவர்களுக்குக் கிடைத்தது அவமானம். தனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பது அவளுடைய வருத்தம். இருபத்திரண்டு வருடம் ஆசிரியையாக வாழ்ந்த பிறகும் அது ஆறவில்லை என்பதை அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தாள். 

"நேரம் போவுது," என்றாள். "உண்மைய விடுங்க. நான் எழுதுதேன்."

எழுதினாள். மூன்று நாள் வராதது மூன்று நிமிடத்தில் வந்தது.

'முக்கின் முகவரியாய் விளங்கியவர். எளிமையின் இருப்பிடம். ஏழைகளின் தோழர். எங்கள் பள்ளிப் பருவத்தின் இனிமை. நெஞ்சில் என்றும் நீங்காதவர்.'

உரக்க வாசித்தாள். குமாரி கைதட்டினாள்.

"இது எந்த ஃபிளெக்ஸுக்கும் பொருந்துமே," என்றான் சகாயதாஸ்.

"அதுக்குத்தான் எழுதினது."

மூன்று ஐம்பதுக்கு வெளியே கார் நின்றது. பிஜுலால் வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தது இவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றினார்கள். சத்தியதாஸுக்கு மட்டும் அது ஏற்கனவே இருந்தது.

"எழுதியாச்சா டீச்சரே?"

அவள் தாளை நீட்டினாள். அவன் நின்றபடி வாசித்தான். ஐந்து வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மறுபடி வாசித்தான்.

"இத எழுதினவிய எங்க கடைக்கு வந்ததில்ல," என்றான்.

குமாரி டீச்சரைப் பார்த்தாள்.

"புதன்கிழமை சகாயன் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டுட்டு அழிச்சான். அப்பாவுக்க கல்லரிசியப் பத்தி. அழிக்கதுக்கு மின்ன நான் கேட்டுட்டேன். மூணு தடவ கேட்டேன்."

சகாயதாஸ் எழுந்துவிட்டான். "மக்கா, தெரியாம—"

"இரி, இரி. அது உள்ளதாக்கும். அதுல அவரு இருந்தாரு. நடை, சத்தம் எல்லாம் இருந்துது. எனக்கு அந்த மாதிரி வேணும். ஆனா நல்லதா ஒண்ணு."

சத்தியதாஸ் இன்சூரன்ஸ் முகத்தைத் திரட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "பிஜு, மாமன் எனக்கு ஒரு பை வாங்கித் தந்தாரு."

"அரிசிப் பை. தெரியும். நெய்யாற்றின்கரையில வாங்கினது, நானும் கூடப் போனேன். நாலு வாங்கினாரு. எனக்கு வாங்கல. நான் இந்தப் பக்கம்தான தாமசம்."

சகாயதாஸ் சிரிக்கப் பார்த்துத் தரையைப் பார்த்தான்.

பிஜுலால் பெஞ்சில் உட்கார்ந்தான். பிள்ளைகளின் பெஞ்ச். முழங்கால் மார்பில் இடித்தது. "எனக்க பேப்பர அவரு பொதியக் குடுக்க மாட்டாரு, ஓர்ம உண்டா? குறஞ்ச மார்க்கு தெரிய, கயத்துல கிளிப்பு போட்டுத் தொங்க விடுவாரு. வாழைக்குலைக்குப் பக்கத்துல. ஒரு வாரம் கெடக்கும். நீங்க எல்லாம் வந்து பாத்திட்டுப் போனிய."

பார்த்தார்கள். சிரித்தும் இருந்தார்கள். விமலகுமாரி அதில் கூட்டல் தவறு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துச் சரிசெய்தே கொடுத்திருந்தாள். இரண்டு மார்க் குறைந்தது.

"பதினாறாம் நாளுக்கு நூத்தியெம்பது பேரு வந்தாவ. சோறும் பாயசமும் தின்னாவ. கைய பிடிச்சிட்டு ஒவ்வொருத்தரும் ஒரே காரியம் சொன்னாவ. 'நல்ல திடகாத்திரமா இருந்தாரு'ண்ணு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. அவிய போன பெறவு நானும் யோசிச்சேன். பத்து நாள் யோசிச்சேன். எனக்கும் அதுதான் வருது. திடகாத்திரமா இருந்தாரு."

முக்கில் பஸ் ஒன்று நின்று போனது. சத்தியதாஸின் போன் அடித்தது, ஃபிளெக்ஸ்காரன். சத்தியதாஸ் எடுத்து, "அஞ்சு நிமிஷம்," என்று மட்டும் சொல்லி வைத்தான்.

விமலகுமாரி கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "பிஜு, அந்த வேன்..."

 குமாரிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"வேன் வரும் டீச்சரே. ஜூன் ஒண்ணாந்தேதி காலத்த ஏழரைக்கு வரும். டிரைவருட்ட சொல்லியாச்சு. அத இதோட சேத்துக் கெட்ட வேண்டாம்."

அவன் ஐந்து வரியையும் நாலாக மடித்து மேசையில் வைத்தான். பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். விமலகுமாரி புதுத்தாளை எடுத்தாள். கடை கண் முன்னால் தெளிவாக வந்தது. சாக்குகள், தராசு, எண்ணெய் டின், ஈக்கள், உயரமான ஸ்டூலில் குட்டப்பன். மூலை மூலையாகத் தேடினாள். மற்ற மூன்று பேரும் அதே கடைக்குள் நிற்பது முகத்தில் தெரிந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

"அஞ்சு வேண்டாம், ஒண்ணு போரும்," என்றான் பிஜுலால். "நான் வீட்டுக்குள்ள கெடந்தவன். நீங்க நாலு பேரும் பத்து வருஷம் தெனமும் ஏறி எறங்கின கடையாக்கும். பொய் இல்லாம ஒண்ணே ஒண்ணு, உண்டா?"