வாலில் மூன்று வெட்டு

"வெளிய வாங்க மேடம்! உங்க சொந்தக்காரன் வந்திருக்கான், வந்து பாருங்க!"

பழனிவேல் போட்ட சத்தத்தில் தெருக்கோடி வரை கதவுகள் திறந்தன. சிதம்பரத்தில் மற்ற தெருக்களுக்குள் குட்டியானை வண்டி நுழைந்தால் யாரோ வீடு மாறுகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் தெருவில் நுழைந்தால் முதலை வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றும் அப்படித்தான். எட்டடிக்குக் குறையாத ஒன்று, வாயைக் கயிற்றால் கட்டி, கண்ணில் ஈரச்சாக்கைப் போட்டு, பலகையோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டுக் கிடந்தது.

"சத்தம் போடாதய்யா. நாலு குடும்பம் இருக்குற எடம்" என்றார் ஆரோக்கியராஜ், கேட்டைத் திறக்காமலே. அவர் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். இருந்தாலும் தெருவுக்கு அவர் 'முதலையம்மா வீட்டுக்காரர்'தான்.

"எனக்கும் குடும்பம் இருக்கு சார். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கா. வாய்க்கால்ல பாத்திரம் கழுவ உக்காந்தவ கையக் கவ்வி இழுத்துகினு போயிருச்சு. ஊரே தடியால அடிச்சுல்ல மீட்டோம்! உங்க வீட்டம்மா பேச்சக் கேட்டு சபையில எழுந்து பேசினேன் பாருங்க, என்னய முதல்ல அடிக்கணும்."

முதலையம்மா என்பது ஜெயராணி. கடலூர் பழைய டவுன் பெண். விலங்கியல் பேராசிரியை. 2004இல் இங்கே குடி வந்தபோது, ஏதோ தவளை அறுக்கிற டீச்சர் என்றுதான் நினைத்தோம். அடுத்த வருடம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு வாய்க்கால், வயல், குட்டை என்று முதலைகள் தலைகாட்ட, அம்மாவுக்கும் மவுசு வந்தது. லோக்கல் கேபிளில் விவாதம் என்றால் அவர்தான். காட்டன் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு வந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். முதலையைப் பிடித்து வேறிடத்தில் விடாதீர்கள். விட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பும், வழியில் கண்ட ஊருக்குள் எல்லாம் நுழையும். அதற்குப் பதிலாகப் படித்துறைகளுக்குக் கம்பிவேலி போடுங்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் "அப்ப மனுசனவிட முதலை ஒசத்தியா?" என்று கேட்பார். நாங்கள் இங்கே கைதட்டுவோம். யாருக்காகத் தட்டினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் பேச்சை ஊர் கேட்கவில்லை. பிடித்த முதலைகளை எல்லாம் டவுனுக்கு வெளியே உள்ள பெரிய குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். போகிற வழியில் வண்டி எங்கள் தெருவில் நிற்கும். ஜெயராணி அளவு டேப்போடும் ஒரு வெட்டுக்கருவியோடும் இறங்கி வருவார். நீளம் பார்ப்பார். வாலின்மேல் நிமிர்ந்து நிற்கும் செதில்களில் சிலதை நறுக்குவார். ஒவ்வொரு முதலைக்கும் ஒவ்வொரு இடத்தில். பிறகு "சரி, போங்க" என்பார். எதிர்வீட்டுத் தங்கம்மாள் அதைத் தடுப்பூசி மாதிரி ஏதோ ஒன்று என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா கைபட்டுப் போன முதலை கடிக்காதாம். வேண்டாம் வேண்டாம் என்று டிவியில் சொல்கிறவர் இங்கே ஏன் வெட்டி அனுப்புகிறார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மற்றதெல்லாம் கேட்போம். அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன மீன் என்பது வரைக்கும் தெரியும்.

அம்மா சொன்னதை நம்பிய ஒரே ஆள் இந்தப் பழனிவேல்தான். குமராட்சிப் பக்கம் கிராமம். அதற்கு முந்தின வருடம், 2010இல், கிராமசபையில் எழுந்து, "புடிக்க வேணாம், நமக்கு வேலி போடச் சொல்லிக் கேப்போம்" என்று பேசியிருக்கிறான். சனம் சிரித்திருக்கிறது. வேலி வரவில்லை. முதலை வந்தது, அதுவும் அவன் பெண்டாட்டி தில்லையம்மாளிடமே.

ஜெயராணி வெளியே வந்தார். "தில்லையம்மா எப்படி இருக்கா?"

"உசிரு இருக்கு. கை இருக்குமான்னு டாக்டரத்தான் கேக்கணும்."

அம்மா பழக்கதோஷமாக வண்டிக்குப் பின்னால் போய் வாலில் விரலை வைத்துத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து தடவினார். அதே இடத்தில் நின்றது. மூன்று செதில் இல்லை.

"மச்சான், அம்மா வேலைய முடிக்கட்டும். கட்டு தளந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சிரும்" என்றான் வண்டி ஓட்டி வந்தவன் பழனிவேலிடம்.

"என்னம்மா, வெட்டலியா?" என்று தங்கம்மாள் வாசலிலிருந்தே கேட்டாள்.

"ஏற்கெனவே வெட்டியிருக்கு."

"ராணி, உள்ள வா!" ஆரோக்கியராஜ் போட்ட சத்தம் பழனிவேல் போட்டதைவிட ஜாஸ்தி. அவருக்குப் புரிந்துவிட்டது. பழனிவேலுக்குப் புரியவில்லை. வண்டி அன்று குளத்துக்குப் போகவில்லை. ஆளைக் கடித்த முதலை என்பதால் கூட்டம் போட்டு முடிவு பண்ணலாம் என்று எங்கேயோ ஒரு தொட்டியில் போட்டு வைத்தார்கள்.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். காதை வைக்கவே வேண்டாம்.

"யாருக்கும் வாலப் படிக்கத் தெரியாது. நீ வாயத் தொறக்காத."

"சொல்லலன்னா இதயும் அதே குளத்துலதான் விடுவாங்க. மறுபடி வரும்ங்க."

"வரட்டும். நம்ம மக ஜெனிபரப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. சொன்னா என்ன ஆவும்? நீதான விட்டேம்பாங்க."

"நான் விடல."

"நீ வெட்டுன. ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அதற்குமேல் பாத்திரம் உருளுகிற சத்தம்தான் கேட்டது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள், கிராமத்து ஆட்கள், கேபிள் டிவி, போதாததற்கு நாங்கள். தில்லையம்மாளும் வந்திருந்தாள், வலது கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு. பேசினவர்கள் எல்லோரும் முதலையைக் குளத்தில் விட்டுவிடலாம் என்றே முடித்தார்கள். தேநீர் கொடுக்க ஆரம்பித்தபோது ஜெயராணி எழுந்தார். ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது நான் குறி வச்ச முதலை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற ஊர்ல புடிச்சு, அதே குளத்துலதான் விட்டாங்க. மழையில குளம் நிரம்பினதும் வெளிய வந்து, வழியில இவங்க வாய்க்கால்ல தங்கிடுச்சு. மறுபடி அங்க விட்டா மறுபடி வரும். இத்தன வருசமா நான் சொன்னதுக்கு இதுதான் ஆதாரம்."

தில்லையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அப்ப, வரும்னு உங்களுக்கு முன்னயே தெரியும்?"

"தெரியும். நான் தடுத்தும் கேக்கல. எப்படியும் விடத்தான் போறாங்கன்னு, குறியாவது வைப்போம்னு வச்சேன். ஒண்ணு திரும்பி வந்தாத்தான் நம்புவாங்கன்னு..."

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"என் கையிலதானம்மா வந்துச்சு."

ஜெயராணி மைக்கைக் கீழே வைத்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். டிவிக்காரன்கூட ஆசையாகக் காத்திருந்தான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

முதலையை வெகுதூரத்துப் பண்ணை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்தக் குளத்தில் இனி எதையும் விடுவதில்லை என்று முடிவானது. பழனிவேல் ஊருக்குக் கம்பிவேலி போட்டார்கள். அம்மா கேட்டதெல்லாம் நடந்தது, அம்மா பேர்தான் கெட்டது. கேபிளில் "இது நான் குறி வச்ச முதலை" என்கிற வரியை மட்டும் வாரம் முழுக்கப் போட்டார்கள். விவாதத்துக்கு வேறொருவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜெனிபரைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஜாதகம் பார்க்காத கிறிஸ்தவர்கள். அதனால் வேறு காரணம் தேடக் கொஞ்சம் சிரமப்பட்டு, வெளியூர் பெண் தோதுப்படாது என்று சொல்லி அனுப்பினார்கள். தங்கம்மாளோ, தடுப்பூசி பலிக்கவில்லையே என்று இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் தெருவுக்குள் குட்டியானை வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பீரோவும் கட்டிலும்தான் ஏறின. ஆரோக்கியராஜ் கடலூருக்கு மாற்றல் வாங்கியிருந்தார். ஜெயராணி பஸ்ஸில் கல்லூரிக்கு வந்து போகிறார். விடியற்காலையில் கடற்கரையில் ஆமை முட்டை பார்க்கிறாராம். ஆமைக்கு எந்தக் குறியும் வைப்பதில்லையாம்.

ஜெனிபருக்கு 2012இல் கடலூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பண்ருட்டிப் பக்கம், திருவதிகையில் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் போகாமல் இருப்போமா? அங்கே பழனிவேலும் தில்லையம்மாளும் நின்றார்கள். நாற்று நட அந்தக் கை உதவாது என்று இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். தில்லையம்மாள் ஒரு எவர்சில்வர் குடத்தை இடது கையால் நீட்டினாள். இடது கையால் சீர் கொடுக்கிறாளே என்று தங்கம்மாள் என் இடுப்பில் இடித்தாள். ஜெயராணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் அவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

சாப்பிட்ட கையோடு அவர்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். அவர்கள் ஊரில் வேலி நன்றாக இருக்கிறது. அவர்கள் வீடுதான் பூட்டிக் கிடக்கிறது.