நின்றவள் வரவில்லை

அலபாமாவின் ஹார்வெல் மாவட்டத்தில் லுட்டிஷா பிராட்நாக்ஸ் துணி தேய்க்கப் போகாத வெள்ளையர் வீடு குறைவு. எல்லாம் பின்வாசல் வழியாகத்தான். 1970இல் மாவட்டக் குழுத் தேர்தலுக்கு அவள் மனு போட்டதும் அத்தனை பின்வாசல்களும் ஒரே வாரத்தில் சாத்திக்கொண்டன. நாற்பத்தெட்டு வயதில் மறுபடி பருத்திக் காட்டுக்குப் போனாள். ஆனாலும் முப்பத்தோரு ஓட்டில் ஜெயித்தாள். அதுவரை அந்தக் குழுவில் கறுப்பர் ஒருவரும் இருந்ததில்லை, பெண் ஒருத்தியும் இருந்ததில்லை.

ஜனவரி முதல் திங்கட்கிழமை, ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நீலக் கோட்டும் தொப்பியுமாகக் கூட்டத்துக்குப் போனாள். மேசையைச் சுற்றி நான்கு ஆண்கள், நான்கு நாற்காலிகள். ஐந்தாவதைக் காணோம். தலைவர் ஸ்ட்ரௌட் கெய்ன்ஸ் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன் நாற்காலி ரிப்பேருக்குப் போயிருக்கு லுட்டிஷா. பன்னெண்டு வருஷம் நின்னுக்கிட்டேதானே என் சட்டையைத் தேய்ச்ச? இன்னிக்கு மட்டும் கால் வலிக்குதா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். கிளம்பிப் போனால் ஓடிவிட்டாள் என்பார்கள். மூன்று மணி நேரம் நின்றாள்.

பிப்ரவரியில் வீட்டிலிருந்து சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். வெளிச் சாமான் கூடாதென்று காவலர் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார். அன்றும் நின்றபடியே, கறுப்பர் குடியிருப்புக்குத் தார் ரோடு வேண்டுமென்று கேட்டாள். யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவளுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்ட பாஸ்டர் ஏம்ஸி டாலிவர்தான் பின்வரிசையில் துணைக்கு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தி, வீங்கிப்போன அவள் கால்களுக்காகச் சத்தமாக ஜெபம் செய்தார்.

மார்ச் கூட்டத்தின் முடிவில் எழுத்தர் எழுந்து ஒரு விதியைப் படித்தார். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் பதவி காலியாகும். மேசையைச் சுற்றி அமர்ந்தவரே வந்தவராகக் கணக்கு. ஜனவரியில் நால்வர், பிப்ரவரியில் நால்வர், இன்றும் நால்வர்.

லுட்டிஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"மூணு மாசமா உங்க கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன், கெய்ன்ஸ் ஐயா?"

"நின்ன. யாரு இல்லேன்னது?" என்றார் கெய்ன்ஸ், பேனாவை மூடியபடி. "நிக்கிறவங்க பேரை எழுதுற வழக்கம் இங்க இல்ல."

வழக்குப் போட்டாள். அது வாய்தா வாய்தாவாக இழுத்தது. இதற்கிடையில் காலியான இடத்துக்குக் கெய்ன்ஸ் ஆள் நியமித்தார்: பாஸ்டர் டாலிவர். ரிப்பேருக்குப் போன நாற்காலி அதே வாரம் திரும்பி வந்தது.

லுட்டிஷா நேரே அவர் வீட்டுக்குப் போனாள். இடம் நம் ஜனங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்றுதான் ஒத்துக்கொண்டதாக அவர் சொன்னார். நான் நிற்காமல் இருந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பார்களா என்று அவள் கேட்டதற்கு, வேத வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றார்.

கெய்ன்ஸ் கை தூக்கும்போதெல்லாம் பாஸ்டரும் தூக்கினார். மறு வருஷமே குடியிருப்புக்குத் தார் ரோடு வந்தது. திறப்பு விழாப் பலகையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதை முதலில் கேட்டவள் யாரென்பதற்குக் குறிப்பேட்டில் ஒரு வரி கூட இல்லை.

வழக்கு முடியாமலே அடுத்த தேர்தல் வந்தது. அதில் பாஸ்டரை எதிர்த்து நின்றாள். இருநூறு ஓட்டுக்கு மேல் தோற்றாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஓஸெல்லா வந்தாள். அறுபது வயதில் அவளை வாக்காளராகப் பதிய வைக்க லுட்டிஷா மூன்று தடவை கூட்டிப் போயிருந்தாள். இரண்டு தடவை துரத்தியடித்தார்கள்.

"ஒளிக்க மாட்டேன் லுட்டி. பாஸ்டருக்குத்தான் போட்டேன்."

லுட்டிஷா கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"உன் பக்கம் நியாயம் இருக்கு. நியாயத்து மேல ஸ்கூல் பஸ் ஓடுமா, சொல்லு? பேரப் பிள்ளைங்க சேறு மிதிக்காமப் போகுதுங்க."

"யாருக்குப் போட்டோம்னு யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல ஓஸெல்லா," என்றாள் லுட்டிஷா. "கூட்டிட்டுப் போன அன்னிக்கே சொன்னேனே."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். நான்கு வருஷம் கழித்து மறுபடியும் மனு போட்டாள். அதிலும் தோற்றாள்.