ஏழாவது அத்தியாயத்தை நிறுத்துங்கள்

கச்சேரி மேடையில் கீபோர்டு ஒயரைப் பாதி சொருகியபடி, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, வார இதழின் உதவி ஆசிரியரிடம் மூன்றாவது முறையாகக் கெஞ்சினான் அவன்.

"ஏழாவது அத்தியாயத்தை நிறுத்துங்க சார். வேற எழுதித் தர்றேன்."

ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது என்றார் அவர். மணி நாலேகால். மேடைக்குக் கீழே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

இருபத்திரண்டு வருடமாக அக்கா பாடுகிறாள், இவன் வாசிக்கிறான். வேறு வாத்தியம் கிடையாது. எழுத்துக்கு வந்தது போன வருடம்தான். முதலில் அனுப்பிய கதைகள் போன வேகத்தில் திரும்பின. பல்லவி மாதிரி நல்ல வரியை எல்லாம் இரண்டு தடவை எழுதுகிறீர்கள், படிக்கிறவனுக்கு ஒரு தடவை போதும் என்றார் உதவி ஆசிரியர். வெட்டப் பழகினான். வெட்ட வெட்ட, உள்ளே மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. மேடையில் அவன் வேலையே மூடுவதுதான்; அக்கா மூச்சு வாங்கினால் இவன் விரல் ஓடி நிரப்பும். எழுதும்போது அந்தக் கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. அக்காவுக்கே தெரியாமல் அவள் குரலுக்கு அவன் செய்துவரும் ஒரு காரியத்தை, கதாநாயகன் தலையில் கட்டி, தொடர்கதையின் ஏழாவது அத்தியாயத்தில் எழுதிவிட்டான். படித்தால் பாட்டையே விட்டுவிடுவாள். விடக்கூடிய ஆள்தான்.

"மத்த அத்தியாயமெல்லாம் நீங்க கீபோர்டுல வாசிச்சது சார். இதுதான் எழுதினது," என்றார் உதவி ஆசிரியர். பிறகு போகிறபோக்கில், இந்த வாரத்திலிருந்து எழுத்தாளர்களுக்கும் புரூஃப் போகிறது, படிவத்தில் அவன் கொடுத்த நம்பருக்குக் காலையிலேயே அனுப்பியாகிவிட்டது என்றார்.

எந்த நம்பர் என்று கேட்டான். அவர் சொன்னது அவனுடைய நம்பர் இல்லை. எந்தப் படிவத்தைக் கண்டாலும் பழக்கதோஷத்தில் அவன் கை கச்சேரி புக்கிங் நம்பரைத்தான் எழுதும். அந்த போன் இருப்பது அக்காவின் கைப்பையில்.

திரும்பினான். மைக்குக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில். போன் மடியில்.

"படிச்சிட்டேன்டா. ஒரு எடம் தப்பு."

"அக்கா, அது சும்மா கதை..."

"மேல் ஸ்தாயி எட்டாதவளுக்குத் தெரியாம, கீபோர்டுல பட்டனை அமுக்கி ஒரு தடவை சுருதியை அரைக் கட்டை எறக்கினான்னு போட்டிருக்க." கண்ணாடியைக் கழற்றி, மூன்று விரலை விரித்துக் காட்டினாள். "நாலு வருஷத்துல மூணு தடவை எறக்கியிருக்க. மொத்தம் ஒண்ணரைக் கட்டை."