கணக்கிலிருந்து வந்த நூற்றுப்பத்தொன்பது பேர்

சான் தார்சிலோ பேட்டைக்கு நூற்றுப்பத்தொன்பது ஆண்கள் ஒரு வகுத்தல் கணக்கின் விடையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. கூடைப்பந்து மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காலிலும் ஒரே நீல ரப்பர் செருப்பு, ஒட்டிய கன்னம், கறுத்த பல். ஒருவனுக்கும் பெயர் கிடையாது. அன்று மத்தி மீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

கணக்குப் போட்டவள் எங்கள் சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடை பார்க்கும் எர்மினியா. என் ஜன்னல் அவள் சமையலறைக்கு நேர் எதிரே இருந்தது. அதனால் மீதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். அந்த வருடம் மணிலா முழுக்க, எந்தப் பேட்டையில் எத்தனை பேர் ஷாபு என்ற போதைமருந்தைப் புகைக்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. வழியையும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். போலீஸ் பட்டியல் ஒன்று, சுகாதார நிலையப் பட்டியல் ஒன்று. இரண்டிலும் இருப்பவனுக்கு ஒரு டிக். இரண்டு பட்டியலின் எண்களையும் பெருக்கி, டிக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், கண்ணில் படாதவர்களும் சேர்ந்து மொத்தம் வந்துவிடும். டிக் குறையக் குறைய மொத்தம் ஏறும்.

போலீஸிடம் இருபத்துநான்கு பேர், சுகாதார நிலையத்தில் இருபது பேர். உண்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கூட்டம்தான். ஆனால் எங்கள் பக்கம் ஞானஸ்நானப் பெயர் பாதிரியாருக்கும் டாக்டருக்கும். தெருவுக்கும் போலீஸுக்கும் பட்டப்பெயர். எர்மினியாவின் ஒரே மகன் இருமலுக்கு மருந்து வாங்கும்போது செலடோனியோ, போலீஸ் தாளில் புடோய். இரண்டும் ஒரே ஆள் என்று பெற்றவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு பட்டியலிலும் இருப்பவனைத்தான் முதலில் சுடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக எர்மினியா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்கள். மீன் விற்கும் பாசியோன்தான் முதலில்.

"அக்கா, போலீஸ்ல கொக்குன்னு எழுதியிருக்கானே, அது என் பையன் இல்ல."

"உன் பையன் கழுத்தைப் பாத்துட்டுச் சொல்லுடி."

"தெருவுல எவன் கழுத்துக்கா குட்டையா இருக்கு? டிக் போட்றாதக்கா."

தன் மகனுக்கே டிக் போடாதவள் அடுத்தவளிடம் நியாயம் பேச முடியுமா? கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளில் ஒருவனுக்கும் எர்மினியா போடவில்லை. மிஞ்சியது மூன்று டிக். அந்த மூன்று பேருக்கும் அம்மா இல்லை, கெஞ்ச ஆள் வரவில்லை. இருபத்துநான்கை இருபதால் பெருக்கி மூன்றால் வகுத்தாள். நூற்றறுபது.

"நூத்தி அறுபதா?" என்றார் பேட்டைத் தலைவர் பொலிகார்ப்பியோ. "கல்யாண விருந்துக்குக்கூட இங்க நூத்தி அறுபது ஆம்பளைங்க வந்ததில்லையேம்மா!" ஆனாலும் கையெழுத்துப் போட்டார். குறைத்து எழுதிய தலைவர்களுக்கு என்ன ஆனது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இரண்டு பட்டியலிலும் சேர்த்துப் பெயரோடு இருந்தவர்கள் நாற்பத்தொன்று. மீதி நூற்றுப்பத்தொன்பது மறுநாள் காலை மைதானத்துக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் துப்பாக்கியோடு தலைக்கவசக்காரர்கள் வந்தார்கள், மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பேர். டிக் விழுந்த மூவரையும் முதலில் முடித்தார்கள். ஒருவனை முடிதிருத்தும் நாற்காலியில், முகத்தில் சோப்பு நுரையோடு. பிறகு மைதானத்துக்குப் போனார்கள். கணக்கு ஆட்கள் ரத்தம் கொட்டினார்கள், தண்ணீர் கேட்டார்கள், மண்ணைப் பிறாண்டிச் செத்தார்கள். மறுநாள் எட்டரைக்குச் சட்டையில் ஓட்டையோடு அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாளில் நூற்றறுபது என்று இருக்கிறதே. அந்த மூவர் மட்டும் எழவில்லை. அவர்கள் இடத்துக்கு நீலச் செருப்போடு புதிதாக மூன்று பேர். தலைக்கவசக்காரர்களுக்கு வெறி ஏறியது. சுட்டார்கள், அரிவாளால் வெட்டினார்கள், ஒருவனை வண்டியில் கட்டிப் பாலம்வரை இழுத்தார்கள். எண் இறங்கவில்லை. கால்வாய் நண்டுகள் கொழுத்தன, வாங்கத்தான் ஆளில்லை. கொலையுண்டவன் சவப்பெட்டிமேல் கோழிக்குஞ்சு விட்டால் அது கொத்தக் கொத்தக் கொன்றவன் நெஞ்சு அரிக்கும் என்பது எங்கள் வழக்கம். குஞ்சு விலை இரண்டு மடங்கானது.

கணக்கு ஆட்களில் ஒருவன் எர்மினியா வீட்டுப் படியிலேயே தங்கிவிட்டான். அங்கேயே ஒன்பது தடவை செத்தான்.

"வலிக்குதுக்கா."

"தெரியும்டா. கஞ்சி குடி."

"நான் அதைத் தொட்டதுகூட இல்லக்கா."

"அதுவும் தெரியும்."

உள்ளதை உள்ளபடி டிக் போட்டால் விடை இருபத்தைந்து. படியில் கிடப்பவனும் மற்றவர்களும் ஒரு நொடியில் இல்லாமல் போவார்கள், வலியும் போகும். அப்புறம் துப்பாக்கிக்கு மிஞ்சுவது ஊர்ப் பிள்ளைகள்தான். அவள் கட்டிலுக்கடியில் படுத்திருந்த செலடோனியோவும் அதில் ஒருவன். போடாவிட்டால் இவன் பத்தாவது தடவை சாவான்.

பத்தாம் நாள் காலை தலைவர் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார். "எர்மினியா, அவனுங்க இப்ப காலைப் பாத்துச் சுடப் போறானுங்களாம். நீலச் செருப்பு இல்லாதவனுக்குத்தான் குண்டு. மதியம் உன் வீடு. பையனை எங்கயாவது அனுப்பிடு."

"எங்க அனுப்புறது தலைவரே? பட்டியல் இல்லாத பேட்டை எது?"

அவர் போனதும் தாளை எடுத்தாள், அழிப்பானை எடுத்தாள். நாற்காலியில் செத்தவன் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை அழித்தாள். "இவன் வேற, அவன் வேற. நான் சொல்றேன்," என்றாள், பாசியோன் சொன்ன அதே குரலில். அடுத்த இருவருக்கும் அப்படியே சொன்னாள். இப்போது நானூற்றெண்பதைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். கால்குலேட்டர் ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்தது. விடைக் கட்டத்தைக் காலியாக விட்டு முத்திரை குத்தினாள்.

பதினோரு மணிக்கு வரத் தொடங்கினார்கள். சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு, விரிகுடாவிலிருந்து, ஜீப்னி பஸ் கூரைகளிலிருந்து, நீலச் செருப்போடும் வெறுங்காலோடும். வரவு நிற்கவே இல்லை. தலைக்கவசக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு, குண்டு தீரும்வரை சுட்டார்கள். செத்தவர்களுக்குக் கீழே விழ இடமில்லை. யாரும் அவர்கள்மேல் கை வைக்கவில்லை, பின்னால் இன்னும் வந்தார்கள், அவ்வளவுதான். விலா நொறுங்கும் சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. நின்றபடியே செத்த இரண்டு கவசத் தலைகள் மூன்று நாள் கூட்டத்துக்கு மேலே தெரிந்தன.

பிறகு வண்டிகள் வரவில்லை, வர வழியில்லை. சந்தைக்குப் பக்கவாட்டில் நடந்து போய் வரப் பழகிவிட்டோம். செலடோனியோ அன்றே கட்டிலுக்கடியிலிருந்து வெளிவந்து கூட்டத்துக்குள் போய்விட்டான். மதியம் எர்மினியா மீன் புளிக்குழம்போடு வாசலுக்கு வந்து "புடோய்!" என்று கூப்பிடுகிறாள். பாலத்துக்கு அப்பால்வரை எல்லாத் தலையும் திரும்புகிறது: "இதோம்மா." பக்கத்தில் நிற்பவனுக்கு ஊற்றுகிறாள். உப்புக் குறைவு என்று அவன் சொன்னால் மறுநாள் கொஞ்சம் கூட்டிப் போடுகிறாள்.