கொட்டாத தண்ணீர்

பாடை தெருமுனை திரும்பும்போதுதான் தண்டாயுதபாணிக்கு மீன்தொட்டி நினைவு வந்தது.

வலது கையில் தீச்சட்டி தொங்கியது. ஈரவேட்டி காலோடு ஒட்டி நடக்கவிடாமல் இழுத்தது. பின்னால் நாலு பேர் தோளில் ரங்காத்தாள் வந்துகொண்டிருந்தாள். இருபத்தோரு வருஷம் கூட இருந்தவள் கடைசியாகப் போகிறபோது மனசில் மீன் வந்து நிற்பதாவது என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. ஆனால் வந்தது போகவில்லை.

சவம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரை ஒரு சொம்பு மிச்சமில்லாமல் வெளியே கொட்டுவார்கள். பிணம் கிடந்த வீட்டில் நின்ற தண்ணீர் ஆகாது. இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா செத்தபோது அக்காளோடு சேர்ந்து அவரே குடம் குடமாகத் தூக்கிக் கொட்டியிருக்கிறார். இப்போது நடுவீட்டில், மேஜைமேல், கண்ணாடித் தொட்டிக்குள் ஐந்து குடம் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் பதினோரு மீன்கள். கழுவுகிற வேலையை முன்நின்று நடத்தப்போவதும் அதே அக்காள்தான், ஊத்துக்குளி நல்லம்மாள். ஒரு வேலையை அரைகுறையாக விட்ட பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பக்கத்து வீட்டு அய்யூப் கூடவே நடந்து வந்தார். அவரைத் திருப்பி அனுப்பினால் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார். ஆனால், பெண்டாட்டியின் பாடைக்கு முன்னால் நடந்துகொண்டு, போய் மீனைப் பாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தண்டாயுதபாணி இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் அய்யூப், மனுஷன் அழப்போகிறான் என்று நினைத்து அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இருங்க முதலியாரே," என்றார் அய்யூப்.

தண்டாயுதபாணி தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

தொட்டி வந்து நாலு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூர்ப் பொருட்காட்சியில் ராட்டினம், மரணக்கிணறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரங்காத்தாள் மீன் கடை முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். வளையல் வாங்கிக்கொள் என்றால் வேண்டாம் என்றாள், சேலை என்றாலும் வேண்டாம் என்றாள். கடைசியில் இரும்புச் சட்டம் போட்ட தொட்டியும் தூக்குப்போசியில் மீனுமாக ரயிலேறி வந்தார்கள். கம்பெனியிலிருந்து வரும் பனியன் கட்டுகளை மடியில் போட்டுப் பிசிறு வெட்டுவதுதான் அவள் வேலை. அன்றையிலிருந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வெட்டினாள். அவர் சாப்பிட வந்தால்கூட, அதுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இவருக்கு இலை போடுவாள். "எனக்கு அப்புறந்தான் சோறு, மொதல்ல அதுகளுக்கு," என்று அவர் பட்டறையில் சொல்லிச் சிரிப்பார். சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த முதல் மீன்களைக் கொன்றது அவர்தான்.

அவர் சலவைப் பட்டறையில் மேஸ்திரி. பழுப்பாக வரும் பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு வெள்ளைவெளேரென்று ஆக்கி அனுப்புவது தொழில். தீபாவளிக்கு முந்தின நாள், அவள் கடைக்குப் போயிருந்த நேரம், அவளை அசத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பட்டறையில் இருப்பதிலேயே வெள்ளையான வேஸ்ட் துணி ஒன்றை ஈரத்தோடு கொண்டுவந்து, தொட்டிக் கண்ணாடியை மேலிருந்து கீழே பளபளவென்று துடைத்தார். விளிம்பில் அழுத்தித் துடைத்தபோது துணியிலிருந்து நாலு சொட்டு உள்ளே விழுந்தது. துடைப்பது வெளிப்பக்கம்தானே, உள்ளே என்ன ஆகிவிடும்? தவிரவும், வெள்ளைத் துணி என்றால் சுத்தமான துணி என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு. விடிந்து பார்த்தால் ஆறு மீனும் வயிறு மேலாக மிதந்தன.

ரங்காத்தாள் கத்தவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"உங்க கையே பவுடருங்க," என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் புதுமீன் வந்தது. அவர் கை மட்டும் தொட்டிப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் துடைப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அது ஒரு பூசை மாதிரி நடக்கும். அவருக்கு அதில் ஒவ்வொன்றும் மனப்பாடம்.

சுடுகாட்டில் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து குடத்தில் ஓர் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்து மண்ணில் விழுந்தது. ஐந்து குடம், ஐந்து குடம் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். "திரும்பிப் பாக்காமப் போங்க," என்றது ஒரு குரல். திரும்பிப் பார்க்க அவருக்கு அப்போது தோன்றவும் இல்லை. நொய்யலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்த வேகத்தைப் பார்த்து, அய்யூப் ஓட வேண்டியதாயிற்று.

வீடு இருந்த ராயபுரத்துச் சந்து முழுக்க ஈரம். வாசலில் குடம், அண்டா எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கறிவேப்பிலைச் செடி ஓரமாக இருந்த தகர டப்பும் கவிழ்ந்திருந்தது. அதை நிமிர்த்திப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும் என்று ரங்காத்தாள் அந்த டப்பில் பிடித்து இரண்டு நாள் வெயிலில் போட்டுவைப்பாள். மீன்களுக்கென்று ஊரில் இருந்த மாற்றுத் தண்ணீர் அது ஒன்றுதான். இனித் தொட்டியைக் கொட்டினால், கொட்டினதுதான்.

வாசலில் ஏற்றிவைத்திருந்த விளக்கைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

தொட்டி இருந்தது. அதற்கு முன்னால், மேஜையை முதுகால் மறைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலில் அய்யூபின் மனைவி ஜெய்புன்னிசா உட்கார்ந்திருந்தாள். தொட்டிமேல் அவளுடைய வீட்டுப் போர்வை மூடியிருந்தது. நல்லம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எதிரே நின்றாள். வேலைக்கு வந்திருந்த மருதாள் பினாயில் வாளியோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்தே," என்றாள் நல்லம்மாள். "இந்தப் பொண்ணு ரண்டு மணி நேரமா எந்திரிக்க மாட்டேங்குது. ஊடு பூராங் கழுவியாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி."

"நான் ஒண்ணும் எதுத்துப் பேசலீங்க அண்ணா," என்றாள் ஜெய்புன்னிசா. அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. "உங்க மொறை எனக்குத் தெரியாதுங்க. அண்ணன் வந்து ஒரு வார்த்த சொன்னா எந்திரிச்சர்றேன்னுதான் சொன்னேன்."

இப்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயசு. சோறு ஊட்டியது, பட்டறையில் சேர்த்துவிட்டது, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அக்காள். அவள் சொன்ன ஒன்றை மாட்டேன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

"இந்தத் தண்ணி இருக்கட்டுங்கக்கா," என்றார்.

"என்றா பேசறே? மீனு வேணும்னா ஒரு போசியில புடிச்சு உட்டுக்க. தண்ணியக் கொட்டோணும்."

"வேற தண்ணியில அதுக பொழைக்காதுங்க."

நல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். அதட்டலைவிட அது கஷ்டமாக இருந்தது.

"கண்ணு, நாஞ் சொல்றதக் கேளு. போனவளுக்குத் தாகமா இருக்கும்டா. பழகின ஊட்டுல தண்ணி இருந்தா வந்து அதுல நின்னுக்குவா. அப்பறம் போமாட்டா."

தண்டாயுதபாணி போர்வையை விலக்கினார். ரங்காத்தாள் காய்ச்சலில் விழுந்ததால் ஒன்பது நாளாகத் துடைக்காத கண்ணாடி மங்கிக் கிடந்தது. ஊதுபத்திப் புகையும், வந்துபோனவர்களின் கைத்தடமும் படிந்திருந்தன. உள்ளே மீன்கள் நிழலாக அசைந்தன.

"நின்னா நிக்கட்டுங்கக்கா," என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன்போல வாயைத் திறந்து அழுதார். நல்லம்மாள் அவர் முதுகில் கை வைத்தாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகுது," என்றாள் கடைசியில். "வெளியவாச்சும் கழுவோணும் சாமி. மருதா, ஒரு சொம்பு ஊத்தி உடு."

மருதாள் பினாயில் தண்ணீரை மொண்டாள்.

"ஊத்தாத!" என்று தண்டாயுதபாணி போட்ட சத்தத்தில் சொம்பு வாளிக்குள்ளேயே விழுந்தது. "ஊத்தாத மருதா. அந்த வாளியவே வெளிய கொண்டுபோ. நான் தொடச்சுக்கறேன்."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

முந்தாநாள் சாயங்காலம் ரங்காத்தாள் படுத்தபடியே தொட்டியைப் பார்த்து, "கண்ணாடி மங்கிப்போச்சுங்க," என்றாள். நான் துடைக்கட்டுமா என்று கேட்டார். அவள் அவர் கையைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சல் வந்த பிறகு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான். "அந்தக் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள்.

இப்போது அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனார். ஆற்றுவாடை அடித்தது. திருநீறும், அவளுக்குத் தேய்த்த தைலமும் லேசாக அடித்தன. பவுடர் வாடை இல்லை. மறுபடி மோந்து பார்த்தார். இல்லை. அவளுக்கு முடியாமல் போனதிலிருந்து அவர் பட்டறைக்குப் போகவே இல்லை. வெள்ளையாக வெடித்திருந்த விரல்நுனிகள்கூட மூடிக்கொண்டு வந்திருந்தன. பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை இப்படி இருந்ததில்லை.

"தண்ணி வேணுமுங்க," என்றார் பொதுவாக. வீட்டில்தான் ஒரு சொட்டு இல்லையே.

ஜெய்புன்னிசா போய்த் தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். முழங்கை வரைக்கும் மூன்று தரம் கழுவினார். சோப்புப் போடவில்லை, அவளும் போடமாட்டாள். துண்டில் ஈரம் போகத் துடைத்தார். தொட்டிக்குமேல் தொங்கிய பல்பை அணைத்து, அது ஆறும்வரை நின்றார். சூட்டுக் கண்ணாடியில் ஈரத்துணி பட்டால் கீறல் விடும். பிறகு பலகை மூடியை இடைவெளி இல்லாமல் மேலே வைத்தார்.

மேஜை இழுப்பறையில் அவளுடைய துணிகள் இரண்டு மடித்து இருந்தன. சலவைக்குப் போகாத பழுப்புத் துணி. வெறும் தண்ணீரில் அலசி அலசி மெத்தென்று ஆகியிருந்தது. ஒன்றை நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை பிழிந்தார். பிறகு இன்னும் ஒரு தரம் பிழிந்தார்.

விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயிருந்து தொடங்கினார். அழுத்தவில்லை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் இன்னொரு இழுப்பு. மூலையில் கண்ணாடி ஒட்டுவதற்கு மக்கு வைத்த இடத்தை லேசாக ஒற்றி எடுத்தார். ஊதுபத்திக் கறை போகாத இடத்தில் நகத்தால் சுரண்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டு, துணியின் ஈரத்தை அதன்மேல் சற்று வைத்திருந்தார். கறை இளகி வந்தது. பின்னாலேயே காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்தார். அவருடைய நாற்காலிப் பக்கத்துக் கண்ணாடியில், அவர் தினமும் சாய்ந்து பார்க்கும் உயரத்தில், நெற்றி எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. வாராவாரம் அதைத் துடைக்கும்போது அவள் ஒன்றும் சொன்னதில்லை. அதையும் துடைத்தார்.

நாலு பக்கமும் முடிந்து, பலகை மூடியை எடுத்துவிட்டுப் பல்பைப் போட்டார். தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. நல்லம்மாள் இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்றா, எல்லாம் ஒரே பக்கமா வருது?" என்றாள்.

பதினோரு மீனும் இடது மூலைக்கு வந்து, மேலே வாயைத் திறந்து திறந்து மூடின.

"தொடச்சதும் ரங்காத்தாக்கா அங்கதாங்க தீனி போடும்," என்றாள் ஜெய்புன்னிசா. "ஒரே ஒரு சிட்டிகை. அதுக்கு மேல போட்டா தண்ணி கெட்டுப்போயிருமுங்க."

மாடத்தில் பழைய முகப்பவுடர் டப்பாவில் கூனிக்கருவாட்டுப் பொடி இருந்தது. தண்டாயுதபாணி மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். போடப் போனவர் நிறுத்தி, அதை இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நிறையத் தெரிந்தது. ரங்காத்தாளின் விரல் இத்தனை பருமன் இல்லை.

பாதியைத் தள்ளி டப்பாவில் போட்டார். மிச்சத்தைப் பார்த்தார். பிறகு அதிலும் கொஞ்சம் எடுத்துத் திரும்பப் போட்டார்.