கோழி சொன்னது

மருமகள் கோழித் தொடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தோல் பிரிந்து வந்துவிடாமல், எலும்பு தட்டும் வரை கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அன்னாசிப் பழம் செய்த அநியாயத்துக்குப் பிறகு அந்தப் பழத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று முடிவாகியிருந்தது. கிண்ணத்தில் சோயா சாஸ், தேன், துருவிய இஞ்சி, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு முந்திக்கொண்டு வந்தது, பின்னாலேயே தேன். சரியாகத்தான் இருந்தது. போன வாரமும் இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் நடந்தது இதுதான். கைப்பேசியில் ஒரு பெண்மணி 'ஆசியப் பாணியில் ஊறவைத்துச் சுட்ட கோழி' என்று சிரித்த முகமாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் டிக்கெட் கிழிக்கிற புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஆசியாவா? அது எவ்ளோ பெரிசு! அதுல எந்த ஸ்டாப்பிங்னு கேளும்மா அந்தம்மாவ."

அன்னாசிச் சாறு ஊற்றினால் கறி பஞ்சாகிவிடும், அரை மணி நேரம் போதும் என்றாள் அந்தப் பெண்மணி. மருமகளுக்கு அரை மணி நேரத்தில் நம்பிக்கை வரவில்லை. அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். அங்கே செய்து முடித்த செட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்த பிறகுதான் டாக்டருக்கு அனுப்புவார்கள். அப்போதுதான் மருந்து வாடை இறங்கும், வாய் எரியாது. ஊறவைப்பது என்றால் அவளுக்கு ஒரு ராத்திரிதான். அதற்குக் குறைந்தால் அது ஊறவைப்பதே இல்லை, நனைப்பது. கோழியையும் அப்படியே வைத்தாள். மறுநாள் இடுக்கியால் தூக்கினால் எலும்பு மட்டும் கையோடு வந்தது. கறி கம்பி வலை வழியாகக் கரியில் சொட்டியது. மிச்சத்தை வழித்து வாணலியில் போட்டுக் கிளறித் தட்டில் வைத்தாள்.

"இத ஸ்பூன்ல சாப்பிடணுமா, இல்ல ஸ்ட்ரா போட்டுக் குடிக்கணுமா?" என்றான் கணவன். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருவதால் வீட்டில் வாய்க்குக் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொள்வான்.

மாமனார் மட்டும் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். தட்டை விரலால் வழித்தார். "பிரமாதம்மா. இப்படி ஒரு கோழிய நான் ஆயுசுல சாப்பிட்டதில்ல" என்றார். அதில் பொய் எதுவும் இல்லைதான். அவர் சாப்பிட்ட வேகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல் செட் போட்டதிலிருந்து மனிதர் வயிறு நிறையச் சாப்பிட்டு அவள் பார்க்கவில்லை. பாலில் ஊறிய ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். கேட்டால் வயசாச்சு, பசியில்லை என்பார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

அந்தப் பல் செட் அவள் கையால் செய்தது. லேபில் இத்தனை வருடம் மற்றவர்கள் அடுக்கிய பல்லுக்கு மெழுகு வழிப்பதும், பிளாஸ்டர் உடைப்பதும், மெருகு போடுவதுமாகவே இருந்தவள், முதல் தடவையாக அளவு அச்சிலிருந்து கடைசி மெருகு வரை தனியாகச் செய்த முழு செட். முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய வேலை. "சொந்தக்காரங்களுக்குச் செய்யாதம்மா, காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்க" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மாமனாரின் கல்யாணப் போட்டோவைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துப் பல் அடுக்கினாள். போட்டோவில் இடது மேல் கோரைப்பல் கொஞ்சம் வெளியே திரும்பி, போகிற வருகிறவர்களை எட்டிப் பார்ப்பதுபோல நிற்கும். அதையும் அப்படியே திருப்பி வைத்தாள். செட்டைப் போட்டுக்கொண்டு வந்த அன்று அவர் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "ஆள அடையாளம் தெரியுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

பல் செய்கிறவர்கள் அந்தப் பல் போகிற வாயைப் பார்ப்பதே இல்லை. டப்பாவில் சீட்டு ஒட்டி அனுப்புவதோடு சரி. அது எந்த வீட்டில் எதைக் கடிக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. அவளுக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைத்திருந்தது. தான் செய்த பல் தினமும் எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்த்தாள். ஆனால் நன்றாக இருக்கிறதா என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில், "ஃபஸ்ட் கிளாஸ்!" டாக்டரிடம் மறுபடி காட்ட வரச் சொன்ன நாளுக்கும் அவர் போகவில்லை. நன்றாக இருப்பதை எதற்கு நோண்டவேண்டும் என்றார். சில்லறைக்காகப் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஜனங்களோடு மல்லுக்கு நின்ற மனிதர் இவ்வளவு சுலபமாகத் திருப்திப்படுகிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக இருந்தால் ஏன் இளைக்கிறார்?

போன வாரத் தட்டு அதற்கு விடை சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள். மனிதருக்கு நாக்கு செத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ருசியாகப் போட்டால் சாப்பிடுகிறார். அதனால்தான் இந்த வாரம் மறுபடியும் கோழி. இந்தத் தடவை ஒழுங்காக, கடிக்கிற பதத்தில்.

சாயங்கால வெயில் சாய்ந்ததும் பால்கனியில் கரி மூட்டினார்கள். கணவன் அட்டையால் விசிறினான். புகை நேராக மேல்மாடிக்குப் போனது. மேல்வீட்டு அம்மாள் தலையை நீட்டி, "துணி காயுதுங்க!" என்றாள். "காயட்டும்க்கா, மணத்தோட காயும்" என்றான் இவன். கோழி வலையில் விழுந்ததும் சுர்ரென்று சத்தம் போட்டது. கிண்ணத்துச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி வைத்திருந்தாள். திருப்பும்போதெல்லாம் அதைப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினாள். தேன் கருகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் வித்தை. ஒரு கட்டத்தில் தோல் முழுக்கப் பழுப்பாகி, மெருகு போட்ட மேஜை மாதிரி மின்னியது. எள்ளைத் தூவினாள்.

மாமனார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் முதல் தட்டு, இருப்பதிலேயே பெரிய தொடை. சுற்றிலும் வெங்காய வட்டங்கள், முட்டைக்கோஸ் சீவல்.

"எப்படி மாமா இருக்கு?"

அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மென்றார். சிரிக்கும்போதும் அப்படித்தான், எப்போதும் கை முன்னால் வந்துவிடும். "பிரமாதம்" என்றார் கைக்குப் பின்னாலிருந்து. "இப்பத்தான் சரியான ஸ்டாப்பிங்ல எறங்கியிருக்க."

அவளுக்கு மனம் குளிர்ந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றால் சங்கடப்படுவார் என்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணவன் எலும்பைக் கடித்து உறிஞ்சுகிற சத்தம் அந்த வீட்டுக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமனார், "வயிறு ரொம்பிருச்சு" என்று எழுந்து கை கழுவப் போனார். கணவன் வலையைத் தேய்க்கக் குழாயடிக்குக் கொண்டுபோனான்.

அவள் தட்டுகளை அடுக்கினாள். மாமனாரின் தட்டு மேலே தூக்கியபோது கனத்தது. முட்டைக்கோஸ் சீவலை ஒதுக்கினால் அடியில் அந்தப் பெரிய தொடை. மேல்பாதி மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பிடிக்கவில்லை என்றால் சொல்லவேண்டியதுதானே, சின்னப் பிள்ளை மாதிரி எதற்கு ஒளித்துவைப்பது?

குப்பைக் கூடை வரை கொண்டுபோனவள், சமையலறை விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். சுண்டிய சாறு படிந்து இறுகிய தோல்மேல் பல் பதிந்திருந்தது. லேபில் மெழுகைக் கடிக்கச் சொல்லி எடுக்கிற அச்சு போலவே, தெளிவாக. அவளுக்கு அது படிக்கத் தெரிந்த எழுத்து. கொஞ்சம் திரும்பி ஆழமாக இறங்கியிருந்த அந்தக் குழி அவள் போட்டோ பார்த்து வைத்த கோரைப்பல். அதற்குப் பின்னால் இடது கடைவாய்ப் பற்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப. தொடையைத் திருப்பினாள். இன்னொரு முறை திருப்பினாள். வலது பக்கத்துப் பல் ஒன்றுகூட எங்கேயும் படவில்லை.

போன வாரம் அவர் தட்டை வழித்தது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ருசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் கடிக்கவேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஃபஸ்ட் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. தன் வேலை தப்பாகிப்போனதற்கா, அந்த மனிதர் பட்டினி கிடந்ததற்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தத் தட்டோடு அவர் அறைக்குப் போனாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, போட்டிருந்த சட்டைப் பொத்தானையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் கீழ குத்துதா மாமா?"

"யாரு சொன்னா?"

"கோழி சொல்லுச்சு."

அவர் அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்போது அது அவரிடமே இருந்தது.

"குத்துதுன்னு சொல்ல முடியாது. லேசா..."

"மாமா."

"புண்ணாயிருக்கும்மா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "போட்ட மறுநாள்லேருந்து."

"ஏன் மாமா சொல்லல? நான் தினம் தினம் கேட்டேனே."

"எப்படிம்மா சொல்றது? கோணப்பல்லு மொதக்கொண்டு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க. கண்ணாடியில பாத்தா என் பழைய மொகம் தெரியுது. அதப் போய்க் குத்துதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?" கட்டில் விரிப்பை நீவிவிட்டார். "குடும்பத்துல யாரும் எனக்குன்னு இப்படி ஒண்ணு செஞ்சதில்லம்மா."

அவள் அவர் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். இதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை. "குத்துற பல்லு நல்ல பல்லு இல்ல மாமா. நீங்க சொல்லாட்டா அதைச் சரி பண்ணவே எனக்குத் தெரியாது. கழட்டிக் குடுங்க."

"இப்பவா? நீ கொஞ்சம் வெளிய நில்லு, நான் டம்ளர்ல போட்டு..."

"எனக்குப் புண்ணையும் பாக்கணும்."

பல்லில்லாத வாயை, பெற்ற மகனுக்குக்கூடக் காட்டாதவர். காலையில் அவர் அறைக் கதவு திறப்பதே பல் உள்ளே போன பிறகுதான். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் அசைந்தன. திரும்பியபோது ஒரு கை வாயை மூடியிருந்தது. இன்னொரு கை நீண்டு கீழ் செட்டை அவள் உள்ளங்கையில் வைத்தது.

அது சூடாக இருந்தது. எத்தனையோ செட்டுகளைக் கையில் எடுத்தவள் அவள். எல்லாம் பிளாஸ்டரும் தண்ணீரும் பட்டுச் சில்லென்றே இருக்கும். அவள் செய்த பல் சூடாக அவள் கைக்குத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு காரியத்தில் இறங்கினாள். தன் கண்மைப் பென்சிலை எடுத்துவந்து, முனையைச் சீவி, பஞ்சு சுற்றிய குச்சியில் மையைத் தொட்டுக்கொண்டாள். "கையை எடுங்க மாமா" என்றாள். கை மெல்ல இறங்கியது. கைப்பேசி வெளிச்சத்தில் வலது கீழ் ஈறில் சிவந்த புண் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மையைத் தொட்டு வைத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். செட்டைத் துடைத்து அவர் வாயில் அவளே பொருத்தி, ஒரு தடவை கடிக்கச் சொல்லி, மறுபடி கழற்றினாள். லேபில் வைத்துச் செய்யவேண்டியதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு, மை ஒட்டுகிற இடம்தான் குத்துகிற இடம், அது தெரிந்தால் போதும்.

வெளியே கணவன், "வலைய எங்க வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் செட்டைத் திருப்பி ஜன்னலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பிடித்தாள். செட்டின் ரோஜா நிற ஈறின் உள்விளிம்பில் எள்ளளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தது.

"என்னம்மா," என்றார் அவர், சொற்கள் காற்றாகக் கசிய, "ஸ்டாப்பிங் வந்துருச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். மேல் வரிசையில் கோணப்பல் எட்டிப் பார்க்க, கீழே வெறும் ஈறுமாக, வாய் முழுக்கத் திறந்து சிரித்தார். கை மடியிலேயே கிடந்தது.