லிட்டில் பென்விக் கேட்ட மன்னிப்பு

லிட்டில் பென்விக் ரயில் நிலையத்து ஒலிபெருக்கி ஊர்க்காரர்களுக்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கியது ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை. அதுவரை ரயில் தாமதத்துக்கு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே வேலையாள் என்று எவரும் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகிறது. ஏற வேண்டியவர் கையை நீட்டினால் ரயில் நிற்கும். நீட்டாவிட்டால் அதுபாட்டுக்குப் போய்விடும். அன்று தாமதத்தைச் சொன்ன பெண்குரல், அதே மூச்சில், "பக்கத்து நிலத்துக்குள் வேலியைத் தள்ளி நட்டதற்காகத் திரு. டெஸ்மண்ட் கோப்லி வருந்துகிறார்" என்றது. கோப்லி அங்கேதான் நின்றிருந்தார். அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ள, மற்றவர்கள் மும்முரமாக வானத்தைப் பார்த்தார்கள்.

மறுநாள், கடையில் வாங்கிய கேக்கை வீட்டில் செய்ததாகச் சொல்லி தேவாலய விற்பனையில் வைத்ததற்காகப் பாதிரியாரின் மனைவி வருந்துவதாகக் குரல் அறிவித்தது. பழுது பார்க்க வந்தவர் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்தார். கம்பிகளை அணில் தின்று வருஷக்கணக்காகியிருந்தது. மூடித் திருகிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அப்படியானால் குரலுக்கு ஓதிக்கொடுப்பது யார்? நிலையத்துப் பூந்தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் மியூரியல் தாக்வே மேல் சந்தேகம் விழுந்தது. கணவர் இறந்தபின் தனியாக இருப்பவர்.

"எல்லாரையும் போட்டுக் குடுக்குது, அந்தம்மா பேரு மட்டும் வரலையே, ஏன்?" என்றார் கோப்லி, மதுக்கடையில்.

"அவங்க யாருக்கும் ஒண்ணும் பண்ணலையோ என்னவோ," என்றாள் பீர் ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரி.

"நம்ம ஊர்லயா? போம்மா!"

மியூரியலிடம் யாரும் கேட்கவில்லை. மூஞ்சிக்கு நேரே கேட்பது அந்த ஊரில் அநாகரிகம். காலை வணக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நாளெல்லாம் மியூரியலுக்குக் கிடைத்த மனிதக் குரல் அந்த வணக்கங்கள்தான். ஜூலைக்குள் பாவம் பாதியாக இளைத்துப்போனார். வீட்டை விற்றுவிட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒருநாள் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று கெஞ்சினார்: "ஏம்மா, என்னைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!" ரயில் சரியான நேரத்துக்கு வருகிறது என்றது குரல்.

சொல்வதற்குத் தப்பு ஒன்று வேண்டுமே! அடுத்த ஞாயிறு ஊரே தேவாலயத்தில் இருந்தபோது, மலர்க் கண்காட்சிக்கென்று கோப்லி குழந்தை மாதிரி வளர்த்த டேலியாக்களை ஒன்று விடாமல் கத்தரித்தார் மியூரியல். வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், வாளியில் தண்ணீர் பிடித்து, பூக்களை அதில் நிறுத்தி, கோப்லி வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

திங்கள் காலை நடைமேடை நிரம்பி வழிந்தது. பாதிப் பேருக்குப் பயணமே இல்லை. மியூரியல் நிமிர்ந்து நின்றார்.

"டேலியாக்கள் வெட்டப்பட்டன," என்றது குரல். "மியூரியல் தாக்வேயை அந்த நிலைக்குத் தள்ளியதற்காகத் திரு. டெஸ்மண்ட் கோப்லியும் லிட்டில் பென்விக் ஊராரும் வருந்துகிறார்கள்."

கோப்லியின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ரயில் தெரிந்ததும் கையை நீட்டினார். எங்கே போகிறதென்றுகூடப் பார்க்காமல் ஏறினார். பின்னாலேயே பாதிரியாரின் மனைவி, கடைக்காரி, மொத்த ஊரும். இப்படியா ஓடுவார்கள்! மியூரியல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

சாயங்கால ரயிலில் எல்லாரும் திரும்பினார்கள். முதலில் இறங்கிய கோப்லி தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கம், மியூரியல். மழை வரும்போல இருக்கு."

"வரட்டுமே டெஸ்மண்ட். தொட்டிக்கு நல்லதுதான்."

பின்னால் இறங்கியவர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக, மழையைப் பற்றியே சொல்லிவிட்டுப் போனார்கள். மன்னிப்பையும் மூஞ்சிக்கு நேரே கேட்டுப் பழக்கமில்லாத ஊர். குரல் இன்றும் மன்னிப்புக் கேட்கிறது. பெயர் வந்தவர் நேரே மியூரியலிடம் போய், வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரயிலுக்குக் கை நீட்டுகிறார்.